வெள்ளைத் துணியாகவே இருக்கட்டும்: கோடை முகாம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் தமிழ்ச் சங்கத்தின் கோடை முகாம் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். இந்த வருட முகாமுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் ‘செவ்விந்தியக் கிராமம்’. ஏரிக்கரையில் மூன்று டீப்பிக் கூடாரங்கள், அதாவது கம்புகளைக் கூம்பாக நிறுத்தித் துணி போர்த்தியவை, போடப்போகிறீர்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் மூன்று அணிகளாகப் பிரிந்து, அவற்றின் மேல் ‘லக்கோட்டா பாணியில் தங்கள் தரிசனத்தை’ வரைய வேண்டும். லக்கோட்டா என்பவர்கள் வட அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினர். இடிப்பறவை, எருமைத் தலை, கரடிப் பாதம், மின்னல் எல்லாவற்றுக்கும் அச்சு அட்டை உண்டு. ‘மிகவும் ஆன்மிகமான டீப்பி’க்கு முதல் பரிசு. முகத்தில் ‘ஸ்பிரிட் அனிமல்’, அதாவது காவல் விலங்கு, வரைந்துவிடவும் ஏற்பாடு. பக்கத்தில் இறகுக் கிரீடம் வைத்துப் படம் எடுக்க ஒரு மேடை. ஒரு படத்துக்கு 5 டாலர், வசூல் நம் நூலகத்துக்கு.

அன்றிரவே இது வேண்டாம் என்று எழுதினேன். ‘அக்கா, இதெல்லாம் வெறும் டிசைன்தானே, எதுக்கு டென்ஷன்?’ என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். மறுநாள் இருவரிடம் போனில் பேசினேன். துணிக்கும் அட்டைகளுக்கும் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். சரி, அப்படியானால் எல்லாப் பெற்றோரும் படிக்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். அந்த ‘வெறும் டிசைன்’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

இந்த ஊருக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் நாங்கள் தெற்கு டக்கோட்டாவில், ராபிட் சிட்டியில் இருந்தோம். அங்கே ஆஸ்பத்திரியில், கடையில், பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டத்தில் என்று எங்கே போனாலும் லக்கோட்டாக்கள் இருப்பார்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலமான பைன் ரிட்ஜ் வந்துவிடும். வந்த புதிதில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். முதல் வருடப் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு என் மகனுக்கு நானே வான்கோழி இறகுக்குச் சாயம் போட்டு, அட்டையில் ஒட்டி, தலையில் கட்டிவிட்டேன். முகத்தில் லிப்ஸ்டிக்கால் இரண்டு கோடு. அவன் வகுப்பில் லக்கோட்டாப் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அழைத்துப்போக வந்த ஒரு பையனின் அம்மா என் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

அங்கே இறகு கடையில் வாங்குகிற சாமான் இல்லை. கழுகு இறகு ஒவ்வொன்றும் ஒரு செயலுக்காகப் பெரியவர்கள் கையால் கொடுக்கப்படுவது. இன்றும் உயர்நிலைப் பள்ளி முடிக்கிற பிள்ளைக்கு ஒரு இறகு கட்டிவிடும்போது வீட்டில் அழுவார்கள். முழுக் கிரீடம் என்றால் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கைக்கும் ஊர் கொடுத்த சாட்சி. அதை நாம் 5 டாலருக்கு வாடகை விடப்போகிறோம்.

இனி டீப்பிக்கு வருகிறேன். மகனின் நண்பன் குடும்பத்தோடு ஒரு கோடையில் பைன் ரிட்ஜ் போயிருந்தோம். நண்பனின் பாட்டி, அங்கே பாட்டியை ‘ஊன்சி’ என்பார்கள், தன் டீப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய டீப்பி என்று சொல்வது வாய்தவறி அல்ல. லக்கோட்டாக்களிடம் டீப்பி பெண்ணின் சொத்து. எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, தைத்து, முகாம் மாறும்போது பிரித்து, மறுபடி நிறுத்துவது எல்லாம் பெண்கள் வேலை. ‘டீப்பி’ என்ற சொல்லே அவர்கள் மொழியில் ‘வசிக்கிறார்கள்’ என்பதிலிருந்து வருகிறது. வீடு என்றுதான் பொருள். கேம்பிங் கூடாரம் என்று நாம் நினைப்பது நம் வசதிக்கு.

முதலில் மூன்று கம்புகளைத் தரையில் கிடத்தி ஒன்றாகக் கட்டி நிறுத்தினார்கள். மற்ற கம்புகளை ஒவ்வொன்றாக அந்தக் கவட்டையில் சாய்த்தார்கள். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பேரன் நான்கு முறை வலம் வந்தான், நாம் பிரகாரம் சுற்றுவது போல. கடைசிக் கம்பில் துணியைக் கட்டி மேற்குப் பக்கமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வந்து கிழக்கே சேர்த்தார்கள். சேருமிடத்தில், வாசலுக்கு மேலே, சீவிய குச்சிகளைப் பொத்தான் மாதிரி செருகினார் ஊன்சி. நான் ஒரு குச்சியைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். பிடுங்கி மறுபடி கையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வீடு நின்றது. வாசல் கிழக்கே. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் உச்சியில் புகை வெளியேறும் துளையின் மடிப்பை இரண்டு நீளக் கம்பால் திருப்பி வைத்தார்.

துணி சுத்த வெள்ளை. நான் படத்தில் பார்த்த டீப்பியிலெல்லாம் எருமையும் சூரியனும் இருந்ததே என்று கேட்டேன். ‘எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி எதுவும் வரவில்லை’ என்றார் சாதாரணமாக. ‘வரவில்லை’ என்றால்? கனவாகவோ தரிசனமாகவோ வரவில்லை. வந்தவருக்குத்தான் அந்தப் படம். வராதவர் வீடு வெள்ளை. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் ஏதோ ஏமாந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது, அந்தக் காலத்திலும் லக்கோட்டா முகாமில் பெரும்பாலான டீப்பிகள் படம் இல்லாதவைதான். படம் வரைந்தவை சில. ஒருவர் மலைமேல் தனியாக, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நாள் கணக்கில் இருந்து தரிசனத்துக்காக வேண்டுவார். அவர்கள் சொல்லில் அது ‘தரிசனத்துக்காக அழுவது’. அதில் என்ன வந்தது என்று பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் பொருள் சொல்லி, இதை நீ இப்படி வெளியில் காட்டலாம் என்ற பிறகுதான் படம் தோலில் ஏறும். போரில் செய்ததை வரைவதும் உண்டு. அதிலும் செய்யாததை வரைய முடியாது. பார்த்த சாட்சிகள் ஊரில் இருப்பார்கள்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் பிளாக் எல்க். 1863இல் பிறந்தவர், லக்கோட்டாக்களில் ஒக்லாலா பிரிவைச் சேர்ந்தவர். ஒன்பது வயதில் நோயில் கிடந்தபோது அவருக்கு ஒரு தரிசனம் வந்தது: மேகத்தில் ஒரு டீப்பி, வாசலில் வானவில், உள்ளே ஆறு தாத்தாக்கள். பையன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சுமார் எட்டு வருடம் மனதுக்குள் வைத்துக்கொண்டு, இடி கேட்கும்போதெல்லாம் பயந்து நடுங்கினார். கடைசியில் ஒரு பெரியவரிடம் சொன்னார். கண்டதை ஊர் முன்னால் நிகழ்த்திக் காட்டினால்தான் பயம் போகும் என்றார் அவர். 1881இல் குதிரை நடனமாக அது நடந்தது. அதற்காக முகாமின் நடுவில் ஒரு எருமைத்தோல் டீப்பி நிறுத்தி, தரிசனத்தில் கண்டவற்றை அதில் வரைந்தார்கள். வாசலுக்கு மேல் அந்த வானவில். ஒரு படத்துக்குப் பின்னால் எட்டு வருடப் பயமும் ஒரு ஊரின் சம்மதமும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் நேரம் சனிக்கிழமை காலை 10 முதல் 11.30 வரை.

இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. உங்களில் பாதிப்பேர் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம். சக்தி கரகத்துக்கும் ஆட்டக் கரகத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆட்டக் கரகத்தை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு மேடையில் ஆடலாம், கைதட்டலாம், பரிசு கொடுக்கலாம். சக்தி கரகம் அப்படியா? காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஆற்றங்கரையில் ஜோடித்து, அதை எடுக்கிற உரிமை உள்ளவர்தான் எடுப்பார். அது தெருவில் வரும்போது தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். இரண்டும் பார்க்க ஒரே குடம்தான், ஒரே பூதான். ‘வெறும் டிசைன்’ என்று பார்த்தால் ஒரே டிசைன். நம் ஊர்ச் சாமியாடியின் அரிவாளையும் சலங்கையையும் தெர்மோகோலில் செய்து, ‘மிகவும் ஆன்மிகமான சாமியாட்டத்துக்குப் பரிசு’ என்று இங்கே ஒரு அமெரிக்கப் பள்ளி நடத்தினால், இதே வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் பொங்கியிருப்பீர்கள்!

லக்கோட்டாக் கலையில் எல்லாமே இப்படித்தான், எதையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு விதமான அறியாமை. பெண்கள் தோல் பெட்டிகளிலும் போர்வைகளிலும் வரைந்த முக்கோணமும் சதுரமும் கோடும் ஒரு தனி மரபு. ஆண்கள் வரைந்த குதிரையும் மனிதனும் இன்னொன்று. முள்ளம்பன்றி முள்ளால் செய்யும் அலங்கார வேலையை ‘இரட்டைப் பெண்’ கனவில் வந்து கற்றுக்கொடுத்தாள் என்பார்கள். ஆக, அலங்காரம் என்று நாம் தாண்டிப்போகிற இடத்திலும் ஒரு கனவு உட்கார்ந்திருக்கலாம், உட்காராமலும் இருக்கலாம். எது எந்த வகை என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். இணையத்தில் வாங்கிய அச்சு அட்டைக்குத் தெரியாது.

அந்த அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிவிப்பில் ‘லக்கோட்டா டீப்பி’ என்று போட்டிருக்கிறீர்களே, மேலே கறுப்பு, அடியில் சிவப்புப் பட்டையில் வரிசையாக வெள்ளை வட்டங்கள், அது லக்கோட்டாவே இல்லை. அது வடக்கே, மொன்டானாவிலும் கனடாவிலும் உள்ள பிளாக்ஃபுட் மக்களுடைய முறை. அந்த வட்டங்கள் விழுந்த நட்சத்திரங்கள். அவர்களிடம் படம் வரைந்த டீப்பி ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டும் என்றால் சடங்கு நடக்க வேண்டும், பாட்டும் கடமையும் சேர்ந்தே கைமாறும். சடங்கு இல்லாமல் அதே படத்தை வரைவது இன்னொருவர் வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து நம் பெயரை எழுதிக்கொள்வது மாதிரி. அப்புறம் நுழைவாயிலில் ஒரு டோட்டம் கம்பம். அது பசிபிக் கரையோர மக்களுடையது, டீப்பி போட்ட சமவெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காவடிக்கு மேலே துர்கா பூஜைப் பந்தல் போட்டு, முன்னால் கதகளி முகத்தை ஒட்டி, ‘தமிழர் திருவிழா’ என்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

இந்தப் படங்களுக்காக அவர்கள் பட்டதையும் பிள்ளைகளிடம் சொல்வீர்களா? 1870களிலும் 80களிலும் எருமைகள் கோடிக்கணக்கில் கொல்லப்பட்டுச் சில நூறாகக் குறைந்தன. டீப்பிக்குத் தோல் இல்லை, துணிக்கு மாறினார்கள். 1883இல் வாஷிங்டன் ஒரு விதித்தொகுப்புப் போட்டது. அவர்களின் முக்கியச் சடங்கான சூரிய நடனமும் மருத்துவப் பெரியவர்களின் சடங்குகளும் குற்றம். செய்தால் ரேஷன் நிறுத்தம் அல்லது சிறை. தரிசனத்தைப் பெரியவரிடம் சொல்லிச் சடங்கு நடத்தினால்தான் டீப்பியில் படம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தப் பெரியவரைத்தான் சட்டம் குற்றவாளி ஆக்கியது. மதச் சடங்குகளைப் பாதுகாக்க என்று தனியாகச் சட்டம் வந்தது 1978இல். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருடம்.

1890இல், இறந்த முன்னோரும் எருமைகளும் திரும்பி வரும் என்ற நம்பிக்கையோடு ஆடிய ‘ஆவி நடனம்’ பரவியபோது, சட்டைகளில் நட்சத்திரமும் நிலவும் பறவையும் வரைந்து போட்டுக்கொண்டார்கள். குண்டு துளைக்காது என்று நம்பினார்கள். அந்த டிசம்பர் 29ஆம் தேதி பைன் ரிட்ஜில் உள்ள வூண்டட் நீ ஓடையில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான லக்கோட்டாக்களைச் சுட்டுக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் பலர். இறந்தவர்களின் உடம்பிலிருந்து சட்டைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு சட்டை, ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டிய பஃபலோ பில் காட்சிக் குழுவோடு ஸ்காட்லாந்து போய், கிளாஸ்கோ அருங்காட்சியகத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. 1999இல்தான் திரும்பி வந்தது. அதற்காகப் போராடியவர்களில் ஒருவரான மார்செல்லா லபோ, இரண்டாம் உலகப் போரில் நர்ஸாக இருந்தவர், அந்தச் சட்டையின் நகல் ஒன்றைத் தைத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அசலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று பறிகொடுத்தவர் நினைத்தார்!

ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் திரும்பி வந்தபோது நீங்கள் எல்லோரும் செய்தியைப் பகிர்ந்தீர்கள். ‘அது சிலை இல்லை, சாமி’ என்று எழுதியவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார். அவருடைய கட்டைவிரலும் அந்தப் பதினேழில் ஒன்று.

இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏமஸ் பேட் ஹார்ட் புல், பைன் ரிட்ஜ்காரர். ஒரு பழைய கணக்குப் பேரேட்டை வாங்கி, தன் மக்களின் போர்கள், நடனங்கள், சடங்குகள், இடப்பெயர்ச்சி என்று 400க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். மேலிருந்து பார்க்கிற மாதிரி நூற்றுக்கணக்கான குதிரைகள் பாயும் பக்கங்கள். 1913இல் இறந்தார். பேரேடு அவர் தங்கையிடம் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் கெஞ்சிக் கேட்டு, படங்களைப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1947இல் தங்கை இறந்தபோது, பேரேட்டை அவரோடு புதைத்துவிட்டார்கள். முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு பெரிய பொக்கிஷம், மண்ணுக்குள்ளா! இன்றும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் குடும்பம் சொன்ன பதிலை நான் மறுக்க முடியாது.

உங்கள் பக்கத்து வாதங்களுக்கும் வருகிறேன். போனில் பேசியபோது ‘அவங்களே விக்கிறாங்களே’ என்றார் ஒரு தம்பி. விற்கிறார்கள்தான். நானும் வாங்கியிருக்கிறேன். வேட்டையும் நிலமும் போன பிறகு துணியில் படம் வரைந்து விற்றுத்தான் பல குடும்பங்கள் சாப்பிட்டன. எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். அதுதான் விஷயமே. வெளியார் செய்ததைப் பூர்வகுடிக் கலை என்று சொல்லி விற்பதைத் தடுக்க 1990இல் இங்கே சட்டமே வந்தது. 1993 ஜூன் 10 அன்று லக்கோட்டாக்களும் அவர்களின் உறவு மக்களான டக்கோட்டா, நக்கோட்டாக்களும் அனுப்பிய பிரதிநிதிகள் கூடி, தங்கள் ஆன்மிகத்தை வியாபாரம் ஆக்குகிறவர்களுக்கு எதிராக ஒரு பிரகடனமே நிறைவேற்றினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘போர்ப் பிரகடனம்’. நாம் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் நுழைவுச்சீட்டு, பரிசு, படத்துக்கு 5 டாலர் என்று போட்ட பிறகு, நாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

‘கலைக்கு எல்லை போடலாமா அக்கா’ என்பது அடுத்த கேள்வி. எல்லை போட்டவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆஸ்கர் ஹவ், டக்கோட்டா ஓவியர். 1958இல் டல்சா நகர அருங்காட்சியகப் போட்டிக்கு ஒரு படம் அனுப்பினார். அது மரபான இந்திய ஓவியமாக இல்லை என்று நிராகரித்தார்கள். அவர் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகுதான் அந்தப் போட்டியில் புதிய பாணிக்குக் கதவு திறந்தது. இறகும் எருமையும் இருந்தால்தான் அது அவர்கள் கலை என்று வெளியார் போட்ட எல்லை அது. நம் அச்சு அட்டையும் அதே எல்லைதான். இன்றைக்கு டியானி ஒயிட் ஹாக் என்ற, லக்கோட்டாக்களில் சிச்சாங்கு பிரிவைச் சேர்ந்த ஓவியர் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளைக் கோத்துச் சுவர் அளவுக்குப் படைப்பு செய்து, 2022இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். பாட்டிகளின் முள் வேலையும் மணி வேலையும் அமெரிக்க அருவ ஓவியத்தின் மூத்த பரம்பரை என்பதை வேலையிலேயே காட்டுகிறார். பிள்ளைகளுக்கு இதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினால் வாய் பிளந்து பார்ப்பார்கள். உயிரோடு இருக்கிற மக்கள், இப்போது வேலை செய்கிற ஓவியர்கள் என்று தெரியும். ‘கிராமம்’ போட்டால் தெரியாது.

பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்த வாதம். அதற்கு ஊன்சி வீட்டிலேயே பதில் இருக்கிறது. அன்று மாலை டீப்பிக்குள் போய் உட்கார்ந்தபோது, உள்பக்கத் தடுப்புத் துணியின் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் யாரோ கிறுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒரு கூடைப்பந்து, ஒரு நாய், கீழே கோணல்மாணலாக ஒரு லாரி. பேரன் வரைந்தது. திட்டவில்லையா என்று கேட்டேன். ‘ஏன் திட்ட வேண்டும்? அதெல்லாம் அவன் பார்த்தது’ என்றார்.

இனி நான் கேட்பது.

டீப்பி மேல் படம் வரையும் போட்டியை முழுதாக நிறுத்துங்கள். ஒரே ஒரு டீப்பி போதும், வெள்ளையாகவே நிற்கட்டும். அதை எப்படி நிறுத்துவது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். கம்பு தூக்குவதில் இருக்கிற சந்தோஷம் அச்சு அட்டையில் இல்லை. அச்சு அட்டைகளைத் திருப்பி அனுப்புங்கள். கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தச் செலவை நான் தருகிறேன். படம் வரைய வேண்டும் என்றால் தாராளமாகக் காகிதம் கொடுங்கள், தாங்கள் பார்த்ததை வரையட்டும்: தாத்தா வீட்டுத் திண்ணை, ஏர்போர்ட், பனியில் புதைந்த கார், எதுவாக இருந்தாலும் சரி.

இறகுக் கிரீட மேடையையும் முகத்தில் ‘ஸ்பிரிட் அனிமல்’ வரைவதையும் கைவிடுங்கள். இதில் பாதி வழி சமரசம் எதற்கும் நான் வரமாட்டேன். நூலகத்துக்குப் பணம் குறைகிறது என்றால் பஜ்ஜிக் கடை போடுவோம். போன வருடம் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு வசூல் ஆனது என்று பொருளாளருக்குத் தெரியும்.

‘செவ்விந்தியக் கிராமம்’ என்ற பெயரை மாற்றுங்கள். டோட்டம் கம்பத்தை எடுத்துவிடுங்கள். எந்த மக்களைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்: லக்கோட்டா என்றால் லக்கோட்டா, பிளாக்ஃபுட் என்றால் பிளாக்ஃபுட். நம் முகாம் நடக்கிற ஏரிக்கரை எந்த மக்களுடைய நிலமாக இருந்தது என்பதைத் தொடக்க உரையில் யாராவது சொல்ல வேண்டும். அதைத் தேடி எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே நாம் இருக்கிற ஊரிலேயே பூர்வகுடிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழையுங்கள். பட்டிமன்ற நடுவருக்குக் கொடுக்கிற அதே தொகையும் பயணச் செலவும் கொடுங்கள். ‘பொன்னாடை போர்த்திக் கௌரவிப்போம்’ என்று முடித்துவிடக் கூடாது. என்ன பேசுவது, என்ன காட்டுவது, எதைப் படம் எடுக்கலாம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். இந்த வருடத்துக்குள் யாரும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பகுதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

ஏற்கெனவே போன அறிவிப்புக்குப் பதிலாகத் திருத்திய அறிவிப்பு ஒன்று எல்லாப் பெற்றோருக்கும் போக வேண்டும், ஏன் மாற்றினோம் என்ற காரணத்தோடு. சத்தமில்லாமல் பழையதை டெலிட் செய்தால் பிள்ளைகளுக்கு எதுவும் போய்ச் சேராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகச் சேருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் வேண்டாம். அதற்கு முன், சனிக்கிழமை மாலைக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். இல்லை என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரின் பெற்றோரிடமும் இதே மடலை நேரில் கொடுப்பேன். என் இரண்டு பிள்ளைகள் முகாமுக்கு வரமாட்டார்கள். நான் சமையல் குழுவிலும் இருக்கமாட்டேன். ஆம் என்றால், எங்கள் வீட்டு கராஜில் ஊன்சி குடும்பம் கொடுத்துவிட்ட பதினைந்து கம்புகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை அவற்றை ஏரிக்கரைக்குக் கொண்டுவர ஒரு பிக்கப் டிரக் வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை வகுப்பு ஆசிரியை
நம் தமிழ்ப் பள்ளி